சூரியன் வாடுமா? உலக முடிவும் இறைநம்பிக்கையும்

1996ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. மதுரைக்கு மேற்கே நாகமலை புதுக்கோட்டையை அடுத்துள்ள பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆ உரை ஆற்றும் பொறுப்பு நமக்குக் கிட்டியிருந்தது. மத்ரஸாவில் பட்டம் பெற்று வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அன்று நாம் எடுத்துக்கொண்டது 'அல் அன்பியா' அத்தியாயத்தின் 104ஆம் வசனம். எழுதிய ஏடு சுருட்டப்படுவதைப் போல வானம் சுருட்டப்படும் நாளை அவ்வசனம் பேசுகிறது. முதற்படைப்பு தொடங்கப்பட்டது போலவே மறுபடைப்பும் நிகழும் என்று வாக்களிக்கிறது. பெருவெடிப்பில் தோன்றி விரிந்துகொண்டிருக்கும் பேரண்டம், தன் ஈர்ப்பினாலேயே விரிவு தளர்ந்து, ஒருநாள் திரும்பச் சுருங்கி ஒரு புள்ளியில் ஒடுங்கும் என்று எங்கோ படித்திருந்தோம். இரண்டையும் முடிச்சுப் போட்டு, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மறை சொன்னதற்கு விஞ்ஞானம் இன்று வந்து சாட்சி கூறுகிறது என்று உரையை முடித்தோம். தொழுகைக்குப் பின் பலர் வந்து கைகொடுத்தனர். மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் வசன எண்ணைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அந்த மாணவர் இன்று ஒரு கல்லூரியில் இயற்பியல் பயிற்றுவிக்கிறார். அண்மையில் ஓர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைச் சந்தித்தார்.

"ஹஜ்ரத், அன்று தாங்கள் பேசிய இரண்டே ஆண்டுகளில், 1998இல், தொலைவிலுள்ள விண்மீன் வெடிப்புகளை அளந்த இரு குழுக்கள் பேரண்டத்தின் விரிவு தளரவில்லை, விரைந்துகொண்டே போகிறது என்று கண்டுபிடித்தன. 2011இல் அதற்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். சுருக்கம் என்ற பேச்சே அடங்கிவிட்டது. அப்படியானால் தவறியது வசனமா, ஹஜ்ரத்தா?" என்றார் சிரித்துக்கொண்டே.

தவறியவர் நாமே என்பதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அவர் விட்டபாடில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 'டெசி' என்னும் கருவி கொண்டு திரட்டி 2024, 2025 ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகளின்படி, விரிவை விரைவுபடுத்தும் இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மெலிந்து வரலாம் என்ற ஐயம் எழுந்துள்ளதாம். "அது உறுதியானால் சுருக்கம் பற்றிய பேச்சு திரும்பவும் எழலாம். அதற்காகத் தயவுசெய்து மீண்டும் மிம்பரில் ஏறிவிடாதீர்கள்!" என்றார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அவர் மனத்தில் இருந்தது விளையாட்டன்று. அவருடைய வகுப்பில் ஒரு மாணவி கேட்டாராம்: "எல்லாம் இருளிலும் குளிரிலும் முடியப்போகிறது என்றால், இதைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்கு என்ன பொருள்?" அவரால் விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையின்மை அவரை நம்மிடம் அனுப்பியிருந்தது. நம் உரையை நம்பி வளர்ந்த ஒருவர் என்பதால் இது நம் கடனுமாயிற்று.

அறிவியலார் கூறுவதைச் சுருக்கமாக முதலில் பார்ப்போம். பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். சூரியனின் வயது 460 கோடி. இன்னும் 100 கோடி ஆண்டுகளளவில் சூரியனின் வெம்மை மிகுந்து கடல்கள் வற்றத் தொடங்கும். ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் அது சிவந்து பருத்து, பின் தன் புறவடிவை இழந்து, 'வெள்ளைக் குள்ளன்' எனப்படும் சிறு தணலாக எஞ்சும். இவ்வாறு எஞ்சுவதற்கு விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு, அது சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று கணித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர். புதிய விண்மீன்கள் பிறப்பது சுமார் 100 லட்சம் கோடி ஆண்டுகளில் நின்றுபோகும். கருந்துளைகளும் கரைந்து மறைய, ஒன்றுக்குப் பின் நூறு சுழியங்கள் இட்டு எழுதும் அளவுக்கு ஆண்டுகள் ஆகும். அப்பால் இருப்பது குளிரும் வெறுமையும்.

அணுவின் உட்கருவிலுள்ள புரோட்டானும் ஒருநாள் சிதையுமா என்பது இந்தக் கணக்கில் இன்னும் தீராத கேள்வி. அதைத் தேடிய முதல் சோதனைகளுள் ஒன்று, நம்மவர் பல தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலில், தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே, 1980களில் நடைபெற்றது. சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை அறிவித்தார்கள். பின்னர் வந்த பெரிய கருவிகள் அதை உறுதி செய்யவில்லை.

இனி நம் துறைக்கு வருவோம். உலகின் முடிவு பற்றிய வாதம் இயற்பியலோடு பிறந்ததன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் பக்தாதில் நிறைவு செய்த 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' என்னும் நூல் இருபது பிரச்சினைகளை ஆராய்கிறது. முதற்பிரச்சினை உலகம் தொடக்கமற்றதா என்பது. இரண்டாவது, உலகம் முடிவற்றதா என்பது. முதலாவதைப் பற்றி எழுதியோர் ஏராளம். இரண்டாவதன் பக்கம் பார்வை செலுத்தியோர் குறைவு. நம் மாணவர்களும் அதை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நாமும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் கடந்தோம்.

அங்கே இமாமவர்கள் ஒரு வாதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அது ஜாலீனூஸ் என்னும் கிரேக்க மருத்துவருடையது; யூனானி வைத்தியர்கள் இன்றும் பெயர் சொல்லும் அதே ஜாலீனூஸ்தான். சூரியன் அழியக்கூடியது என்றால், நெடுங்காலத்தில் அதில் வாட்டம் தென்பட்டிருக்க வேண்டும். ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளாக வானை அளந்தோர் அதன் அளவு ஒன்றாகவே இருப்பதாகக் குறித்துள்ளனர். எனவே அது அழியாது என்பது அவ்வாதம். (அதே மருத்துவர் தம் இறுதிக் காலத்து நூலில், உலகம் தொடக்கமுடையதா இல்லையா என்பது தமக்குத் தெரியவில்லை என்று எழுதியிருப்பதையும் இமாமவர்கள் முன்னரே சுட்டிவிடுகிறார்கள்.)

இமாமவர்களின் மறுப்பு இரண்டு படிகள் கொண்டது. அழிவு என்றால் வாட்டத்தின் வழியேதான் வரவேண்டும் என்று யார் சொன்னது என்பது முதற்படி. வாட்டம் என்பது அழிவின் வகைகளுள் ஒன்று. ஒரு பொருள் தன் நிறைவில் இருக்கும்போதே திடீரென அழிவதில் அறிவுக்கு முரணாக எதுவுமில்லை. மன்திக் படித்தோர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர்: 'இது நிகழ்ந்தால் அது நிகழும்' என்னும் நிபந்தனை வாக்கியத்தில், முன்னதற்கும் பின்னதற்கும் இடையிலான கட்டாயம் நிறுவப்படாதவரை முடிவு பிறக்காது.

வாட்டம் உண்டென்றே வைத்துக்கொண்டாலும் அது நம் புலன்களுக்கு எட்டும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது இரண்டாம் படி. சூரியன் பூமியைப் போல் 170 மடங்கு என்பது அக்காலக் கணிப்பு. அத்தனை பெரிய பொருளிலிருந்து மலைகளளவு குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வானளவைகள் எல்லாம் தோராயம்தானே என்கிறார்கள். மாணிக்கக் கல்லை உவமை காட்டுகிறார்கள்: அதுவும் சிதையும் பொருளே, ஆனால் நூறாண்டு வைத்திருந்தாலும் அதன் குறைவு யாருக்கும் புலப்படாது.

இன்றைய கணக்கு என்ன? சூரியன் ஒவ்வொரு நொடியும் 40 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எடையை ஒளியாக இழக்கிறது. பிறந்தது முதல் இழந்தது ஏறத்தாழ நூறு பூமிகளின் எடை. கேட்கப் பெரிதாயினும், அது சூரியனின் மொத்த எடையில் பத்தாயிரத்தில் மூன்று பங்களவே. அதைவிட வியப்பு, சூரியன் தன் முடிவை நோக்கிப் போகும்போது மங்கவில்லை என்பது. பிறந்த காலத்தைவிட இன்று ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக ஒளிர்கிறது. ஜாலீனூஸ் வாட்டத்தைத் தேடினார். அழிவு பொலிவின் முகத்தோடு வந்துகொண்டிருக்கிறது.

இவ்விடத்தில் 1996இல் செய்த பிழையை நாம் மீண்டும் செய்துவிடக் கூடாது. இமாம் கஸ்ஸாலி சூரியப் பௌதிகத்தை முன்னறிந்தார் என்று கூறுவது நம் நோக்கமன்று. 'இப்படி இருக்கக்கூடும்' என்று மட்டுமே அவர்கள் சொன்னார்கள். 'இப்படி இருக்கிறது' என்று சொல்லவில்லை. அவர்களின் சிறப்பு அந்த நிதானத்தில் இருக்கிறது. எதிர்வாதியின் முடிச்சை அவிழ்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தம் அகீதாவை அந்த வானியல் எண்ணில் கொண்டுபோய்க் கட்டவில்லை. 170 மடங்கு என்ற எண் தவறாகிப் போயிற்று; கன அளவில் சூரியன் பூமியைப் போல் 13 லட்சம் மடங்கு என்று இன்று அறிகிறோம். அதனால் அவர்களின் வாதத்துக்கு எள்ளளவும் சேதமில்லை. நம் உரைக்கோ இரண்டாண்டுகளில் சேதம் வந்துவிட்டது. பெருவெடிப்புக் கருத்தை முதலில் முன்வைத்தவர்களுள் ஒருவரான லெமைத்தர் என்னும் பாதிரியார் நினைவுக்கு வருகிறார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அக்கருத்தைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசியபோது, அதை அவர் விரும்பவில்லை. தம் கருத்தே ஆயினும், நம்பிக்கையை அதில் தொங்கவிட வேண்டாம் என்பதே அவர் நிலை.

இதற்கும் மேலாக அதே இரண்டாம் பிரச்சினையில் இமாமவர்கள் சொல்லும் ஒன்று பலருக்கு அதிர்ச்சி தரலாம். உலகுக்குத் தொடக்கமில்லை என்பதை அறிவு ஏற்காது. ஆனால் உலகுக்கு முடிவில்லை என்பதை அறிவு மறுக்காது. அல்லாஹ் என்றென்றும் நிலைக்கச் செய்தால் அது நிலைக்கும். முடிவு உண்டென்பதை நாம் அறிவது வஹீயினால் மட்டுமே. முஃதஸிலா அறிஞர் அபுல் ஹுதைல் அல்லாஃப் இதற்கு மாறானவர். கடந்த காலத்தில் எல்லையின்மை இயலாதது போலவே வருங்காலத்திலும் இயலாது என்று கருதி, சுவனத்தாரின் அசைவுகளும் ஒருநாள் ஓய்ந்து நிற்கும் என்று சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டார். கஸ்ஸாலி அவ்வாதத்தைத் தள்ளிவிடுகிறார்கள்.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். இறைவன் இருக்கிறான் என்பதற்கு உலகின் அழிவு ஆதாரமாக்கப்படவில்லை. உலகம் மாறுவது, மாறுவது தோன்றியது, தோன்றியதற்குத் தோற்றுவித்தவன் வேண்டும் என்று 'ஷரஹுல் அகாயித்' பாடத்தில் மாணவர்கள் மனனம் செய்கிறார்களே, அவ்வளவே ஆதாரம். பேரண்டம் சுருங்கினாலும், குளிர்ந்தாலும், ஒருவேளை முடியாமலே இருந்தாலும் அது தன் இருப்புக்குப் பிறன் ஒருவனைச் சார்ந்தது என்பதில் மாற்றமில்லை.

தத்துவஞானிகள் விடவில்லை. மாறாத காரணத்திலிருந்து பிறந்த காரியம் இல்லாமற்போனால், காரணத்திலும் மாற்றம் வந்ததாகாதா? அழிவு என்பது 'இன்மை'. இன்மையை ஒருவன் எப்படிச் 'செய்வான்'? இந்தக் கடைசிக் கேள்வி கூர்மையானது. முஃதஸிலாக்கள் 'அழிவு' என்ற ஒன்றையே இறைவன் படைப்பதாகக் கூறினார்கள். கர்ராமிய்யாக்கள் அழிக்கும் செயல் அவன் உள்ளமையிலேயே நிகழ்வதாகச் சொல்லிச் சிக்கிக்கொண்டார்கள். அஷ்அரிகள் சிலரின் விடை வேறு: பொருள்கள் தாமாக நிற்பனவல்ல, நிலைப்பு அவற்றுக்குக் கணந்தோறும் வழங்கப்படுகிறது, வழங்காது விட்டால் அவை இல்லை. கொத்தனார் போய்விட்டாலும் வீடு நிற்கும். மின்சாரம் நின்றால் விளக்கு எரியாது. உலகம் விளக்கின் இனம் என்பது அவர்களின் கருத்து. கஸ்ஸாலி இவர்களுள் எவரது சொல்லையும் கட்டிக்கொண்டு அழவில்லை. இருப்பதும் இல்லாதொழிவதும் ஆற்றலுள்ளவனின் நாட்டத்தால் நிகழ்வன. அவன் நாட்டம் அனாதியிலேயே இந்நேரத்தில் இது என்று நாடியிருக்க, அவனில் புதிதாக மாறுவது எதுவுமில்லை என்று முடிக்கிறார்கள்.

மறுநாள் மாலை தம்பியோடு கீழக்குயில்குடிக்குச் சென்றோம். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து அது தொலைவன்று. சமணர் மலைப் பாறையில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அங்கே தவமிருந்தோரின் கொள்கைப்படி உலகுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. காலம் ஏறுமுகமும் இறங்குமுகமுமாகச் சுழலும். படைத்தவன் என்று ஒருவன் வேண்டியதில்லை. இதே தமிழ் மண்ணில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவிலேயே இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தார். தோன்றி நின்று ஒடுங்கும் உலகம், தான் எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீளத் தோன்றும். ஆகவே ஒடுக்குபவனே முதல்வன் என்பது அவர் வாதத்தின் சாரம். உலக முடிவைக் கொண்டே கடவுளை நிறுவிய வாதம் அது. நமக்கும் அவருக்கும் வேறுபாடு பெரிது. சைவ சித்தாந்தத்தில் உயிரும் மாயையும் அனாதி, உலகம் மீண்டும் மீண்டும் வரும். இஸ்லாத்தில் அல்லாஹ்வைத் தவிர அனாதியானது எதுவுமில்லை, மறுமையும் ஒருமுறையே. ஆயினும் முடிவைக் கண்டு அஞ்சாமல் அதை நேர்நின்று நோக்கிய மரபு இப்பக்கத்துக்குப் புதிதன்று என்பதை நம் இளைஞர்கள் அறிவது நல்லது. காலமே நம்மை அழிக்கிறது, வேறெதுவுமில்லை என்போரைக் குர்ஆனும் (45:24) குறிப்பிடுகிறது. அவர்களையே கலாம் நூல்கள் தஹ்ரிய்யா என்கின்றன.

பாறையில் அமர்ந்திருந்தபோது தம்பி மாணவியின் கேள்விக்குத் திரும்பினார். மனிதன் வாழ்வது ஒரு கணம். அதன்பின் எண்ண முடியாத காலத்துக்கு வெறும் குளிர். அது யாருக்காக? பேரண்டம் விளங்க விளங்க அது நோக்கமற்றதாகவே தோன்றுகிறது என்று இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1977இல் எழுதியதையும் சொன்னார்.

இதில் இரண்டு இழைகளைப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த நீண்ட குளிர்காலக் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: இப்போதுள்ள விதிகளே இடையீடின்றி நீடித்தால். நம் இமாம்கள் இயற்கை விதியை மறுத்தவர்களல்லர். அதை அல்லாஹ்வின் 'ஆதத்', அதாவது வழக்கம் என்றார்கள். வழக்கத்தை வைத்து விதைக்கிறோம், மருந்து உண்கிறோம், கிரகணம் கணிக்கிறோம். வழக்கத்தை உடையவன் அதற்குக் கட்டுப்பட்டவன் என்று மட்டும் சொல்வதில்லை. அந்த நேரம் திடீரென்றே வரும் என்பது மறைவாக்கு (7:187). அதன் அறிவு எவருக்கும் தரப்படவில்லை. வெற்றிடமே நிலைகுலைந்து முன்னறிவிப்பின்றி எல்லாம் மாறிவிடக்கூடும் என்று 1977இல் சிட்னி கோல்மன் என்னும் இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டியிருப்பதாகத் தம்பி கூறினார். நாம் கேட்டுக்கொண்டோம், அதைக் கியாமத் என்று பெயரிடவில்லை. ஒருமுறை பட்டது போதும்.

மற்றோர் இழை: நீண்டு நிற்பதே மதிப்புடையது என்னும் எண்ணம். இதில் ஆத்திகரும் நாத்திகரும் ஒருசேர இடறுகிறார்கள். வேலூரின் புகழ்பெற்ற அரபுக் கல்லூரிக்குப் பெயரான 'அல்பாகியாத்துஸ் ஸாலிஹாத்' என்னும் சொல் 'அல் கஹ்ஃப்' அத்தியாயத்தின் 46ஆம் வசனத்தில் வருகிறது. நிலைத்திருக்கும் நற்செயல்கள் என்பது அதன் பொருள். செல்வமும் மக்களும் உலக வாழ்வின் அலங்காரம். நிலைப்பவை நற்செயல்களே என்கிறது. அடுத்த வசனமே (18:47) மலைகள் பெயர்க்கப்பட்டுப் பூமி வெட்டவெளியாகும் நாளைப் பேசுகிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பல ஆண்டுகள் ஓதியும் நாம் கவனித்ததில்லை. எதிரே நீண்டு கிடந்த நாகமலைதான் அன்று நினைவூட்டியது. மலை போகும், ஒருவன் தாயின் காலைப் பிடித்துவிட்டது போகாது. பேரண்டத்தின் இருப்பையும் மனிதச் செயலின் இருப்பையும் ஒரே தராசில் நிறுப்பதால்தான் அந்த மாணவியின் துயரம் பிறக்கிறது. விண்மீன்கள் அணைவதால் செயல் பொருளற்றதாகும் என்றால், அது செயலுக்கு விண்மீனைத் தவிர வேறு சாட்சி இல்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டதன் விளைவு.

"அப்படியானால் 'அவனைத் தவிர எல்லாம் அழியும்' என்ற வசனத்துக்கு (28:88) என்ன பொருள்? சுவனமும் அழியுமா?" என்றார் தம்பி. நல்ல கேள்வி. சுவனமும் நரகமும் அழிந்துவிடும் என்று ஜஹ்ம் இப்னு ஸஃப்வான் கூறினார். அஹ்லுஸ் ஸுன்னத்தினர் அதை ஏற்கவில்லை. அழியாதவை என்று அர்ஷ், சுவனம், நரகம் முதலியவற்றைப் பட்டியலிட்டு விலக்களித்தோரும் உண்டு. கஸ்ஸாலி 'மிஷ்காத்துல் அன்வார்' நூலில் இன்னும் ஆழமாகச் செல்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாளில் அழியும் என்பதன்று அதன் கருத்து. தன்னளவில் அது என்றென்றும், இப்போதும், இன்மையே. அதற்குள்ள இருப்பு முழுவதும் கடன். இந்த விளக்கத்தில் சுவனம் என்றென்றும் நிலைப்பதும் அது தன்னளவில் அழிவுடையதாயிருப்பதும் ஒன்றையொன்று மறுப்பதில்லை.

இறங்கி வரும்போது தம்பிக்குக் கடைசியாக ஓர் ஐயம். மறுபடைப்பின்போது உடல்கள் அறவே இல்லாமற்போய்ப் புதிதாகத் தோன்றுமா, சிதறிய துகள்கள் ஒன்றுசேர்க்கப்படுமா? புரோட்டான் சிதைவு நினைவோடு கேட்டார் போலும். வீட்டில் 'அல் இக்திஸாத்' நூலை எடுத்து அந்த இடத்தைக் காட்டினோம். இரண்டும் இயலக்கூடியவையே, இன்னது என்று குறிக்கும் திட்டமான சான்று ஷரீஅத்தில் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள் இமாமவர்கள். தம்பி அந்தப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை மாணவர்களிடம் அப்படியே சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லலாம் என்றோம். பக்க எண்ணைக் குறித்துக்கொண்டார்.